இன்சியான் வெண்கலம்: மூன்று வழக்குகள், மூன்று தீர்ப்புகள்

2014 அக்டோபர் 1. இன்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 60 கிலோ குத்துச்சண்டைக்கான பதக்கமளிப்பு. மணிப்பூரின் லைஷ்ராம் சரிதா தேவி கழுத்தை நீட்ட மறுத்துவிட்டார். வெண்கலத்தைக் கையில் வாங்கி, அழுதுகொண்டே போய், வெள்ளி வென்ற தென்கொரியாவின் பார்க் ஜினாவின் கழுத்தில் போட்டார். பார்க் திருப்பித் தர முயன்றும் வாங்கவில்லை.

முந்தைய நாள் அரையிறுதியில் பார்க்கிடம் 0-3 என்று சரிதா தோற்றதாக அறிவித்திருந்தார்கள். இந்தியாவில் எழுந்த கோபம் மூன்று வழக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியது. அன்றைய தீர்ப்பு தவறா? சரிதா செய்தது சரியா? அவருக்குக் கிடைத்த தண்டனை நியாயமா? இவற்றைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

தீர்ப்பைப் பற்றிப் பேசச் சியோலுக்குப் போயாக வேண்டும். 1988 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் கொரியாவின் பார்க் சி-ஹுனை 86 முறை குத்தினார். வாங்கியது 32 என்று ஒரு கணக்கு. தங்கம் 3-2 எனக் கொரியருக்குப் போனது. அந்த அவமானத்துக்குப் பரிகாரமாக 1992 பார்சிலோனாவில் கணினி வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் ஏறும். வீரர்கள் உடனே சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி நீட்டிய கையால் தொட்டுவிட்டு விலகுவதே ஆட்டம் என்றாயிற்று. நெருங்கி நின்று விலாவில் இறக்கும் குத்துக்கு மதிப்பில்லை. லண்டன் ஒலிம்பிக்குக்குப் பின் அந்த முறையைக் கைவிட்டு, தொழில்முறைச் சண்டையின் பத்துப் புள்ளி முறைக்கு வந்தார்கள்.

இந்தப் புதிய முறையில்தான் சரிதா சண்டையிட்டார். சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பது. எதிராளியைக் கயிற்றோரம் தள்ளித் துவைத்தாலும், நூலிழையில் முந்தினாலும், நடுவர் மனம்வைத்து எட்டு போட்டாலொழிய வித்தியாசம் ஒரே புள்ளிதான். மூன்று சுற்றை ஒருவர் மயிரிழையில் எடுத்து, நான்காவதில் நன்றாக அடிவாங்கினாலும் 39-37 என்று வென்றுவிடலாம். ஆகவே மூன்றாவது சுற்றில் சரிதாவின் குத்துகளில் பார்க் தடுமாறியதை மட்டும் வைத்துக்கொண்டு "அப்பட்டமான திருட்டு" என்று கூவுவது வாதமாகாது. போட்டியை நடத்தும் நாட்டுக்காகச் செய்த சதி என்பதற்கும் தடை இருக்கிறது: அதே பார்க் இறுதிப் போட்டியில் சீனாவின் யின் ஜுன்ஹுவாவிடம் தோற்றார்.

என்றாலும் எனக்கு உறுத்துவது 0-3 என்ற அந்த ஒருமனம். பின்பாதிச் சண்டை சரிதாவுடையது என்பதே என் கணிப்பு. முதலிரண்டு சுற்றுகளையும் பார்க்குக்கே தாராளமாகக் கொடுத்தால்கூட 38-38 என்ற சமநிலைதான் வருகிறது. மூன்று நடுவர்களில் ஒருவருக்குக்கூடச் சரிதா தெரியவில்லை என்றால் அதற்கு விளக்கம் வேண்டும். அதே நாளில் கொரிய வீரரிடம் தோற்ற மங்கோலியாவின் நியாம்பயார் தரப்பும் கொதித்தது. என் தீர்ப்பு: முடிவு தவறு, சதி நிரூபணமாகவில்லை.

இரண்டாவது வழக்கு. இந்தியத் தரப்பு 500 டாலர் கட்டணத்தைத் திரட்டிக் கட்டி முறையிட்டது. மதிப்பெண்ணை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள். எல்லா வாசலும் அடைபட்டவருக்கு மேடை ஒன்றுதான் மிச்சம். பதக்கத்தை மறுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் அதைப் பார்க்கின் கழுத்தில் போட்டது தவறு. மதிப்பெண் போட்டது பார்க் அல்லவே. நடுவர்கள்மேல் இருந்த கோபத்துக்கு, எட்டும் தூரத்தில் நின்ற இன்னொரு பெண் பலியானார். இதைச் சொன்னால் தேசப்பற்றில்லை என்பவர்கள் உண்டு, இருக்கட்டும்.

மூன்றாவதில் எனக்குத் தயக்கமே இல்லை. சரிதா மன்னிப்புக் கேட்ட பிறகும், சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் ஓராண்டுத் தடையும் 1000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. பயிற்சியாளர் இக்லேசியாஸுக்கு இரண்டாண்டுத் தடை. நடுவர்களை அமர்த்துவது, முறையீட்டை நிராகரிப்பது, எதிர்த்தவரைத் தண்டிப்பது எல்லாம் ஒரே அமைப்பின் கையில். பார்க்குக்கு இழைத்த மரியாதைக் குறைவுக்கு ஒரு கண்டனம் போதும். 2006இல் உலகப் பட்டம் வென்ற வீராங்கனையின் ஓராண்டைப் பறித்தது நீதி அல்ல.

அந்த அமைப்பின் யோக்கியதை பின்னால் வெளிவந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லனும் கஜகஸ்தானின் வாசிலி லெவிட்டும் தோற்றதாக வந்த தீர்ப்புகளைப் பார்த்து உலகமே முகம் சுளித்தது. சொன்னபடி கேட்கும் நடுவர்களைப் பொறுக்கி அமர்த்தியிருந்தார்கள் என்று 2021இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை கூறியது. அதை வைத்து இன்சியானையும் சதி என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் பொத்தான், பத்துப் புள்ளி என்று முறையை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள், நடுவரை யார் அமர்த்துகிறார் என்பதை மட்டும் தொடவில்லை என்று அதை வைத்துச் சொல்லலாம்.

2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்துசெய்தது. அதன் இடத்துக்கு இப்போது 'வேர்ல்டு பாக்ஸிங்' என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் குத்துச்சண்டை உண்டு என்பதும் உறுதியாகிவிட்டது. அதற்குள் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். நடுவர்களை அமர்த்தும் பொறுப்பு அமைப்பின் நிர்வாகிகளிடமிருந்து வெளியே போக வேண்டும். மதிப்பெண்ணை எதிர்த்து முறையிட ஒரு தனிக் குழு வேண்டும். 500 டாலர் வாங்கிக்கொள்கிறவர்கள் சண்டையின் பதிவை இன்னொரு முறை போட்டாவது பார்க்கட்டும்.