இசையாசிரியர் மாநாடும் வகுப்பறையும்

இசையாசிரியர் மாநாடு ஒன்றை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? வந்தோர் தொகையா, படிக்கப்பெற்ற கட்டுரைகளின் கனமா? சென்று வந்த ஆசிரியர் மறுவாரம் மாணாக்கர் முன் நின்று வேறு விதமாகப் பாடஞ் சொல்கிறாரா என்பதே தக்க அளவுகோல். சிங்கப்பூரில் இவ்வளவுகோலுக்கு இன்று நிரம்ப வேலையுண்டு.

தமிழரிடையே இத்துறைக்கு வழிகாட்டியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பாடஞ் சொன்னவர். பின்னர்ச் சித்த மருத்துவத்தாற் பொருளீட்டினார். அப்பொருளைக் கொண்டே 1912 இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1916 வரை ஏழு மாநாடுகளைக் கூட்டினார். 1916 இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில், தம் சுருதிக் கொள்கையை வாயாற் சொன்னதோடு அமையாது, தம் புதல்வியரைக் கொண்டு இசைத்துக் காட்டினார். கரும்பலகை முன் நின்று பழகியவருக்கே தோன்றும் முறை இது.

ஆயினும் குறையும் அங்கேயே தொடங்கிற்று. சுருதி இருபத்திரண்டா, இருபத்து நான்கா என்ற வழக்கு மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிட்டது. 1917 இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலிலும் அதற்கே முதலிடம். ஆராய்ச்சிக்கு அது வேண்டுவதே. சரளி வரிசையிற் தடுமாறும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதனால் ஆவதென்ன? அப்பிள்ளைக்கு உதவியது பண்டிதரின் மற்றொரு நூலாகிய 'கருணாமிர்த சாகரத் திரட்டு'. தொடக்க மாணாக்கர் பொருள் விளங்காப் பிறமொழிக் கீதங்களையே பாடிவந்த காலத்தில், தமிழிற் கீதங்கள் இயற்றிச் சுரக்குறிப்புடன் அளித்தார். மாநாட்டுப் புகழ் பேசுவோர் இதனைப் பேசக் காணோம்!

1941 இல் அண்ணாமலை நகரிற் கூடிய தமிழிசை மாநாடும், 1949 முதல் தமிழிசைச் சங்கம் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும் அரும்பணிகளே. ஆனால் அங்கும் எதைப் பாடுவது என்ற வினா முன்னின்றது. எப்படிக் கற்பிப்பது என்பது பின்வரிசைக்குப் போயிற்று.

சிங்கப்பூரில் இசையாசிரியர் இருவகையினர். சிராங்கூன் சாலையை அடுத்த ஸ்டார்லைட் ரோட்டில், 1949 இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களிற் சிலரை எதிரே அமர்த்தித் தாளந்தட்டிக் கற்பிப்போர் ஒரு வகை. பள்ளியிற் சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் ஏறக்குறைய நாற்பது பேரை ஒரே பாடவேளைக்குட் பாடவைப்போர் மற்றொரு வகை. பின்னவர்க்கெனக் கல்வியமைச்சு 2011 இல் 'ஸ்டார்' என்னும் கலையாசிரியர் கழகத்தை நிறுவியது. முன்னவரிடம் கமகம் உண்டு. நாற்பது பேரைக் கட்டியாளும் பழக்கம் அரிது. பின்னவர் வகுப்பை ஆள்வார். மேனாட்டுக் குறியீட்டைப் பார்த்துப் பாடும் தமிழ்ப் பாட்டிற் கமகம் உதிர்ந்துபோவது அவர் செவிக்கு எளிதில் எட்டாது.

இவ்விருவரும் ஒருவர்க்கொருவர் பாடஞ் சொல்லாத மாநாட்டுக்குக் கட்டணஞ் செலுத்திப் போவது வீண். கட்டுரைகளை அச்சிட்டு முன்னரே அனுப்பிவிடலாம். மோகனத்தின் ஐந்து சுரமும் சீனப் பாட்டுக்கள் பலவற்றின் ஐந்து சுரமும் ஒன்றே. வேற்றுமை ஒரு சுரத்தினின்று அடுத்ததற்குக் குரல் செல்லும் வழியில் இருக்கிறது. சீன ஆசிரியை ஒருவரும் கருநாடக இசையாசிரியர் ஒருவரும் அவ்வைந்து சுரத்தை அடுத்தடுத்துப் பாடிக் காட்டினால், தேநீர் இடைவேளைக்கு முன்னரே மண்டபத்திலுள்ளோர் அனைவருக்கும் அது விளங்கிவிடும்.