ஜெட்ஃபயர்: தப்பு ஓனர் மேலயா?

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் பழைய பெட்ரோல் காருக்கு டர்போ வைக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கார். "வெறும் அஞ்சு பிஎஸ்ஐ தான் பாஸ், இன்ஜினைத் திறக்கவே வேண்டாமாம்" என்றார் போன வாரம். எனக்கு உடனே ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் ஞாபகம் வந்தது. 1962இல் அமெரிக்காவில் வந்த கார். அதுவும் அஞ்சு பிஎஸ்ஐ தான்.

டர்போ இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு டர்போ வைத்து, கம்பெனியே ஷோரூமில் விற்ற முதல் கார்களில் ஜெட்ஃபயரும் ஒன்று. இரண்டே வருடத்தில் நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒரே பதில்: ஓனர்கள் திரவம் நிரப்ப மறந்துட்டாங்க. எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடு இல்லை.

அது என்ன திரவம்? இன்ஜின் 215 கன அங்குல (3.5 லிட்டர்) அலுமினிய வி8. கம்ப்ரெஷன் ரேஷியோ 10.25. டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும். அஞ்சு பிஎஸ்ஐக்கு நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில், 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று 70 டிகிரியில் வெளியே வரும். அந்தக் கூடுதல் 40 டிகிரி, பிஸ்டன் மேலே வந்து பத்து மடங்கு அழுத்தி முடிக்கும்போது 90 டிகிரிக்கு மேல் ஆகிவிடும். ஸ்பார்க் பரப்பும் தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் போச்சு. இதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி கலந்த ஒன்றை 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயரிட்டு (பெயர் வைப்பதில் அந்தக் காலத்து அமெரிக்கர்களை அடிச்சுக்க ஆளில்லை) பானெட்டுக்குள் ஒரு தொட்டியில் வைத்தார்கள். டர்போ அழுத்தம் ஏறும்போது அது உள்ளே தெளிக்கப்படும், கலவை குளிரும்.

கம்ப்ரெஷனைக் குறைத்திருந்தால் இந்தத் தொட்டிக்கே வேலை இருந்திருக்காது. அதே ஜெனரல் மோட்டார்ஸில், அதே 1962இல், செவ்ரலே பிரிவு கோர்வேர் ஸ்பைடரில் அதைத்தான் செய்தது. கம்ப்ரெஷனை 9இலிருந்து 8க்கு இறக்கினார்கள். கிராங்க் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் வால்வு போன்றவற்றை வலுவான உலோகத்துக்கு மாற்றினார்கள். 102 ஹார்ஸ்பவர் 150 ஆனது. டர்போ கோர்வேர் 1966 வரை விற்பனையில் இருந்தது.

ஓல்ட்ஸ்மொபில் கம்ப்ரெஷனைத் தொடவில்லை. காரணம் இல்லாமல் இல்லை: டர்போ வேகம் எடுப்பதற்கு முந்தைய சாதாரண ஓட்டத்தில் கார் மந்தமாகிவிடக் கூடாது, மைலேஜும் போகக் கூடாது. நியாயமான ஆசைதான். பலன் என்ன என்று பார்த்தால், அதே கம்ப்ரெஷனில் டர்போ இல்லாமல் நாலு பேரல் கார்புரேட்டரோடு வந்த இன்ஜின் 185 ஹார்ஸ்பவர். ஜெட்ஃபயர் 215. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ள வசதியான எண். குதிரையை மட்டும் எண்ணினால் 16 சதவீதம்தான் லாபம். ஆனால் டார்க் 230 பவுண்டு-அடியிலிருந்து 300க்குப் போனது. ஓட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதுவதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்லணும். தொட்டி காலியானால் இன்ஜின் உடனே வெடித்துவிடும் மாதிரி வடிவமைக்கவில்லை. எச்சரிக்கை விளக்கு உண்டு. திரவம் தீர்ந்தால் இரண்டாவது த்ராட்டில் தகடு ஒன்று மூடி, டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். ஒரு சாஃப்ட்வேர்காரனாக அந்தத் தகட்டைப் பார்த்தால் மரியாதை வருகிறது. 1962இல் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! ஆனால் ஓனர் பக்கத்திலிருந்து பாருங்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வேகம், ஒரு திரவம் தீர்ந்ததும் காணாமல் போகிறது. பெட்ரோல் பங்கில் கிடைக்காத திரவம் வேற. கடைசியில் 1965இல் கம்பெனியே டர்போவை இலவசமாகக் கழற்றி, சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. "யூசர் எரர்" என்று டிக்கெட்டை மூடுவது எங்கள் தொழிலிலும் சகஜம். நானும் மூடியிருக்கிறேன். பத்தில் ஒருவர் மறந்தால் அது அவர் தப்பு. பெரும்பாலானவர்கள் மறக்கும் மாதிரி ஒரு வேலையைக் கொடுத்தால் அது கொடுத்தவர் தப்பு.

அந்தப் பாதுகாப்பிலும் ஒரு ஓட்டை. அது கவனித்தது தொட்டியை, இன்ஜினை இல்லை. திரவம் இருந்தால் நாக்கிங் இருக்காது என்ற அனுமானம் மட்டும்தான். இருபது வருடம் கழித்து ஸாப் கம்பெனி தன் ஏபிசி அமைப்பில் இதை நேர்செய்தது: இன்ஜின் பிளாக்கில் ஒரு சென்ஸார், நாக்கிங் சத்தம் கேட்டால் டர்போ அழுத்தத்தைக் குறைத்துவிடும். பெட்ரோல் மட்டமா, வெயிலா, எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

நண்பரிடம் இரண்டே கேள்விதான் கேட்டேன். உன் கார் கம்ப்ரெஷன் ரேஷியோ எவ்வளவு? நாக்கிங் வந்தா அழுத்தத்தைக் குறைக்கப் போறது எது? முதலாவதுக்கு மேனுவலைப் புரட்டி 10.2 என்றார். இரண்டாவதை கிட் விற்பவரிடமே கேட்டாராம். "நல்ல பெட்ரோலா போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்திருக்கிறது.