பாட்டுக்குப் பெயர் சொல்லாத பண்பலை

பெங்களூர்ப் பண்பலை வானொலிகளைப் பற்றி நம்மவரிடையே எழும் குறை பெரும்பாலும் ஒன்றே: தமிழ்ப் பாட்டுக்கு அங்கே இடமில்லை என்பது. அதில் உண்மை உண்டு. ஆயினும் நாம் குறைபட வேண்டிய இடம் வேறு என்றே தோன்றுகிறது.

இந்தியாவின் முதல் தனியார் பண்பலை நிலையமான ரேடியோ சிட்டி 2001 சூலையில் இந்நகரில்தான் ஒலிக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆங்கிலம், இந்தி, கன்னடம் எல்லாம் கலந்த கதம்பமாகவே அது இருந்தது. 2006இல் ரேடியோ மிர்ச்சி, பிக் எப்.எம். முதலியவை வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் நிலையங்கள் பலவும் கன்னடப் பாடல்களுக்கே மாறின. ஆங்கில இசைக்கென ரேடியோ இண்டிகோ நின்றது. இம்மாற்றத்தை நாம் வரவேற்கவே வேண்டும். தன் தலைநகரின் தனியார் வானொலியிலேயே கன்னடம் மூன்றில் ஒன்றாய் நின்றது முறையன்று. இங்கு வந்து குடியேறிய நாம் அதற்கு முகம் சுளித்தல் அழகன்று.

ஆனால், மாறிய நிலையங்கள் யாவும் ஏன் ஒரே குரலில் ஒலிக்கின்றன? தனியார் பண்பலைக்குச் சொந்தச் செய்தி அறிக்கை தடை செய்யப்பட்டது. எஞ்சியவை பாட்டும் பேச்சுமே. 2005ஆம் ஆண்டுக் கொள்கைப்படி ஒரு நகரில் ஒரு நிறுவனத்திற்கு ஓர் அலைவரிசைதான். ஓர் அலைவரிசையே உடையவர் சிறு கூட்டத்தை நாடுவாரா? எல்லாரும் பெருங்கூட்டத்தையே நாடினர். 2011ஆம் ஆண்டுக் கொள்கை அவ்வரம்பைத் தளர்த்தியது. எனினும், தமிழர் இத்தனை பேர் வாழும் இந்நகரில் தமிழுக்கென ஒரு முழுநேரத் தனியார் அலைவரிசை அதனால் பிறந்துவிடவில்லை.

இவையெல்லாம் வணிகக் கணக்கு. நாம் திறனாய்வு நோக்கில் கேட்பது வேறு. அண்மையில் வெளிவந்த பாடல்கள் சிலவே நாள் முழுதும் சுழன்று சுழன்று வருகின்றன. அவற்றை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. அறிவிப்பாளர் தம் பெயரை மட்டும் மறவாமல் சொல்லிக்கொள்கிறார்!

1952இல் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கத் தலைப்பட்டபோது தமிழ் வீடுகள் இலங்கை வானொலியை நாடின. மயில்வாகனனும், பின்னாளில் அப்துல் ஹமீதும், பாட்டுக்கு முன் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று வரிசையாய்ச் சொன்னார்கள். 1957இல் பிறந்த விவித பாரதியும் அம்மரபைப் பேணியது. எழுத்தறியாத பாட்டிமார்கூடக் கவிஞர் பெயரைச் சரியாகச் சொன்னது இவ்வாறுதான். பாடநூல் எட்டாத இடத்தில் இலக்கியக் கல்வியை வானொலி தந்தது என்பது மிகையன்று.

பெங்களூரில் அப்பெயர்களுக்கு மற்றுமொரு பயன் உண்டு. ராஜ்குமாருக்குப் பல்லாண்டுகள் பின்னணிக் குரலாய் விளங்கிய பி. பி. ஸ்ரீநிவாஸ்தான் தமிழில் ஜெமினி கணேசனுக்கும் பாடினார். கன்னடத்தில் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் இருந்தவர் இளையராஜா. அவரே பின்னர்ச் சங்கர் நாகின் ‘கீதா’வுக்கு இசையமைத்தார். கன்னடப் பாட்டு முடிந்ததும் இப்பெயர்களில் ஒன்று காதில் விழுமாயின், அல்சூரிலோ சிவாஜிநகரிலோ கேட்டிருக்கும் தமிழ்ப் பிள்ளை அப்பாட்டை அயலார் பாட்டென்று எண்ணுமா? பெயரை நீக்கிவிட்டால் கன்னடப் பாட்டு தமிழருக்கு வெறும் ஓசை. தமிழ்ப் பாட்டு கன்னடருக்கும் அவ்வாறே.

இது முடியாத காரியமன்று. இதே நகரில் செவ்விசைக்கென ஆகாசவாணி தொடங்கிய அமிர்தவர்ஷிணியில், ராகம், தாளம், இயற்றியவர் எல்லாம் சொல்லிய பின்னரே பாட்டு தொடங்கும் வழக்கத்தைக் கேட்டிருக்கிறோம். திரைப்பாட்டுக்கு அத்தனை கூட வேண்டா. கவிஞர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் சொல்ல ஐந்து நொடி ஆகும். விளம்பரத்திற்கு விடும் நேரத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று நிலையத்தார் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கன்னட நண்பர்களோடு சேர்ந்து நாம் அவர்களிடம் கேட்கத்தக்க முதல் கோரிக்கை இதுவே. தமிழ்ப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்பதை அதற்குப் பின் கேட்கலாம்.