கையைத் தூக்கிய முதலாளியும் காணாமல்போன செக்ரட்டரியும்

மெட்ராஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய ஆஸ்திரேலியக் குதிரைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தவை. ஊர்ப் பெயரில் இருந்த 'வேல்ஸ்' ஒட்டிக்கொண்டு அந்தக் குதிரைகளுக்கே 'வேலர்' என்று பெயராகிவிட்டது. அதைத் தேடப் போய் வழி தவறி பேன்ஜோ பேட்டர்சனிடம் மாட்டிக்கொண்டேன். வேலர் கட்டுரை அடுத்த மாசம். இன்றைக்குப் பேட்டர்சனோடு ஒரு சின்ன வழக்கு.

பேட்டர்சன் (1864–1941) ஆஸ்திரேலியாவின் செல்லக் கவிஞர். பத்து டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. சிட்னியில் வக்கீல், பிறகு பத்திரிகை ஆசிரியர். 'பேன்ஜோ' என்ற புனைபெயரே வீட்டில் இருந்த ஒரு குதிரையின் பெயர். அவரே அமெச்சூர் ஜாக்கியாகப் பந்தயங்களில் சவாரி செய்தவர். அதனால் பந்தயத் திடலை வெளியே இருந்து பார்த்து எழுதினார் என்று யாரும் குறை சொல்ல முடியாது. என் குறை வேறு.

முதலில் இரண்டு கவிதைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

'ஓல்டு பார்டன்', 1888-இல் வந்தது. மெனிண்டி என்ற உள்நாட்டு ஊரில் பிரசிடெண்ட் கோப்பைப் பந்தயம். பார்டன் மேல் நண்பர்கள் கையிலிருந்த காசையெல்லாம் கட்டியிருக்கிறார்கள். முந்தின ராத்திரி யாரோ திருட்டுத்தனமாகக் குதிரைக்கு வயிறு புடைக்கத் தீனி போட்டுவிடுகிறார்கள். முதல் சுற்றில் பார்டன் தோற்கிறது. ஆனால் அது மூன்று சுற்றுப் பந்தயம். அடுத்த இரண்டிலும் ஜெயித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறது.

இன்னொன்று, ஒரு குடிகாரர் தன் கதையைச் சொல்வதுபோல எழுதிய 'ஹவ் த ஃபேவரிட் பீட் அஸ்'. கிராக்கர் என்ற பெண் குதிரைக்குச் சொந்தக்காரர் அவர். தன் குதிரை மேல் பணம் கட்ட வந்தால், ஊரே முந்திக்கொண்டு கட்டிவிட்டது, புக்கிகளிடம் இடமில்லை. எரிச்சலில் ஜாக்கியிடம் சொல்கிறார்: நான் கையைத் தூக்கினால் மட்டும் ஜெயி, இல்லாவிட்டால் தோற்றுப் போ. பிறகு தன் குதிரைக்கு எதிராகவே மொத்தப் பணத்தையும் கட்டுகிறார். குதிரை எதிரே வரும்போது ஒரு பெரிய கொசு காதைச் சுற்றுகிறது. கையைத் தூக்கி அடிக்கிறார். அவ்வளவுதான், குதிரை ஜெயித்துவிட்டது, ஆள் காலி.

சும்மா சொல்லக் கூடாது, படித்தபோது ஆபீஸ் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. இந்தப் பந்தயங்களை நடத்தியது யார்?

கவிதையில் குதிரை இருக்கிறது, ஜாக்கி இருக்கிறார், புக்கி இருக்கிறார், கொசு கூட இருக்கிறது. தேதி குறித்து, திடலைச் சுத்தம் செய்து, பேர் பதிந்து, எடை பார்த்து, முடிவு சொன்ன ஆளைக் காணோம்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 'ட்ரோவ்' என்ற தளத்தில் பழைய செய்தித்தாள்களைப் போட்டு வைத்திருக்கிறது. இலவசம். 1900-களின் சிற்றூர்ப் பத்திரிகைகளில் பந்தய விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். மெய்டன் பிளேட், ஃப்ளையிங் ஹேண்டிகேப், ஹேக் ரேஸ், லேடீஸ் பிரேஸ்லெட் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தூரம், பரிசுத் தொகை, நுழைவுக் கட்டணம். எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் செக்ரட்டரியிடம் பேர் கொடுக்க வேண்டும், எடைகள் எப்போது வெளியாகும், புகார் செய்தால் எவ்வளவு பணம் கட்டி வைக்க வேண்டும் என்பது வரை அச்சில் இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு விளம்பரம்: திடலில் சாராயக் கடை, சாப்பாட்டுக் கடை, நுழைவாயில் வசூல் ஆகியவற்றை நடத்தும் உரிமை ஏலம். பந்தயத்துக்கு முன்பே கமிட்டி கையில் காசு வர அதுதான் வழி.

இதற்கு மேல் சிட்னியின் அனுமதி வேறு. நியூ சவுத் வேல்ஸில் ஆஸ்திரேலியன் ஜாக்கி கிளப்பின் விதிப்படி பதிவு செய்யாத பந்தயத்தில் ஒரு குதிரை ஓடினால், பதிவான பந்தயங்களில் அதற்கும் அதன் முதலாளிக்கும் ஜாக்கிக்கும் கதவு சாத்தப்படும். 1906-இல் வந்த சட்டம், பணம் கட்டுவதை லைசென்ஸ் உள்ள திடல்களுக்குள் அடக்கியது. 1912-இல் நாடு முழுவதற்கும் பொதுவான பந்தய விதிகள் வந்தன. இவ்வளவையும் படித்துப் புரிந்து, ஒரு சின்ன ஊரில் நடைமுறைப்படுத்தியவர் பெரும்பாலும் சம்பளமில்லாத ஒரு கௌரவ செக்ரட்டரி. பகலில் அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

இந்த விதிகளைப் படிக்கும்போது எனக்குப் பழைய சாஃப்ட்வேர் கோடு படிப்பது போலவே இருந்தது. அர்த்தமில்லாமல் நிற்கிற ஒரு வரிக்குப் பின்னால் என்றோ நடந்த ஒரு விபத்து இருக்கும். ஜாக்கி குதிரையோடு திரும்பி வந்து, சேணத்தோடு தராசில் ஏறி, எடை சரி என்று அறிவித்த பிறகுதான் புக்கி பணம் கொடுப்பார். ஏன்? வழியில் ஈயத்தைக் கழற்றி எறிந்தவன் ஒருத்தன் இருந்திருப்பான். 'பிக்னிக் ரேஸ்' என்ற அமெச்சூர் பந்தயங்களில் இன்னும் கடுமை. எல்லாக் குதிரைகளையும் சில வாரம் முன்பே ஒரே புல்வெளியில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். புல்லைத் தவிர வேறு தீனி கிடையாது. பணக்காரன் குதிரை தானியம் தின்று கொழுக்கக் கூடாதே!

இப்போது கவிதைகளுக்குத் திரும்புவோம். பார்டன் கதையில் உயிர் எங்கே இருக்கிறது? மூன்று சுற்று என்ற விதியில். ஒரே ஓட்டமாக இருந்திருந்தால் தீனி போட்டவன் ஜெயித்திருப்பான், கவிதையே இல்லை. கிராக்கர் கதையில் ஏன் ரகசிய சைகை? குதிரையை வேண்டுமென்றே தோற்க வைத்தால் ஸ்டூவர்ட்கள் பிடிப்பார்கள், தடை போடுவார்கள் என்ற பயம் இருப்பதால். அந்தப் பயம் இல்லையென்றால் வாயைத் திறந்தே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், கொசுவுக்கு வேலையில்லை. ஆக, அமைப்பாளர்கள் போட்ட தளத்தின் மேல்தான் பேட்டர்சனின் நகைச்சுவை நடக்கிறது. ஆனால் தளம் போட்டவர்களுக்கு ஒரு வரி கிடையாது. 'ரைடர்ஸ் இன் த ஸ்டாண்ட்' என்ற கவிதையில், மேடையில் உட்கார்ந்தபடி ஜாக்கிக்குச் சவாரி சொல்லிக் கொடுக்கும் அறிவாளிகளைக் கிண்டல் செய்கிறார். அந்த மேடையைக் கட்டியவரும் அதே திடலில்தான் இருந்தார்.

கவிஞனுக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டிய கடமையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். கணக்கு நோட்டில் கவிதை இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் பேட்டர்சன் கண்ணில் படாத ஆளைப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. 1887-இல் 'ஒன்லி எ ஜாக்கி' எழுதினார். பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போன 14 வயதுப் பையனைப் பற்றியது. பத்திரிகைத் தந்தி அந்தச் சாவைச் சொல்லிவிட்டு, நல்லவேளையாகக் குதிரைக்கு அடியில்லை என்று முடிந்திருந்தது. அந்த 'நல்லவேளை' மேல் வந்த கோபம்தான் கவிதை. அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர், அந்தப் பையன்களின் உயிர் எதை நம்பி இருந்தது என்பதையும் பார்த்திருக்கலாம். தடத்தில் குழி இருக்கிறதா, வேலி உடைந்திருக்கிறதா, தகுதியில்லாத குதிரையை ஓடவிடலாமா என்று முடிவு செய்தது அந்தக் கமிட்டிகள்தான். நன்றாகச் செய்தவர்களும் இருந்தார்கள், அலட்சியமாக விட்டவர்களும் இருந்தார்கள். சிற்றூர்ப் பந்தயம் என்றாலே குடியும் தில்லுமுல்லும் தமாஷும்தான் என்று கவிதைகள் நம்ப வைத்த பிறகு, இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. நல்லவருக்குப் பேர் கிடைக்கவில்லை, அலட்சியக்காரருக்குக் கேள்வி வரவில்லை.

பந்தய லாபம் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போன ஊர்களும் உண்டு. அங்கே மழை பெய்து பந்தயம் கெட்டால் நஷ்டம் புக்கிக்கு மட்டும் இல்லை.

பேட்டர்சன் முதுமையில் எழுதிய நினைவுகளில் ஒரு சம்பவம் வருகிறது. அவருக்கு 8 வயது. பொகோலாங் ஊர்ப் பந்தயத்துக்குத் தன் மட்டக்குதிரையில் போயிருக்கிறார். பெரியவர் ஒருவர் பையனுடைய சேணத்தைக் கழற்றி எடுத்துப் போகிறார். ஓடப்போகும் குதிரைக்கு லேசான சேணம் தேவை. ஜெயித்தால் ஜிஞ்சர் பீர் வாங்கித் தருவதாக வாக்கு. அந்தக் குதிரையின் பெயர் பார்டன். ஜெயித்தும்விட்டது. ஓல்டு பார்டன் என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான்.

இதைப் படித்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய சேணத்துக்கும் சின்னச் சேணத்துக்கும் எடை வித்தியாசம் சில பவுண்டுதான். தராசு வைத்து எடை பார்க்கும் பந்தயத்தில்தான் அதற்காக ஒரு சின்னப் பையனிடம் போய்க் கெஞ்ச வேண்டி வரும். அன்றைக்கு அந்தத் தராசுக்குப் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள். 8 வயதுப் பையன் அவரைக் கவனிக்காமல் ஜிஞ்சர் பீர் குடிக்கப் போனதில் தப்பில்லை. வளர்ந்த பிறகு ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.