ஆறு ஸ்பின்னும் ஒரு லட்ஸும்

ஃபிகர் ஸ்கேட்டிங் பக்கமே போகாதவர்களிடம் "அந்த விளையாட்டுல என்ன செய்வாங்க?" என்று கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் விரலைச் சுழற்றிக் காட்டுவார்கள். பனிமேல் ஒற்றைக் காலில் பம்பரம் மாதிரி சுற்றும் உருவம்தான் பலர் மனசில் இருக்கும் படம். ஆனால் போட்டி முடிந்ததும் வரும் மதிப்பெண் தாளைப் பிரித்தால், ஸ்பின்னுக்குக் கிடைக்கும் பங்கு ரொம்பச் சின்னது. இது ஏன் இப்படி, இது நியாயமா என்று யோசித்து எழுதிய குறிப்பு இது.

முதலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிகள் பிரிவின் தீர்ப்பு பெரிய விவகாரமாகி, கடைசியில் இரண்டு ஜோடிகளுக்கும் தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு 6.0-ஐ உச்சமாகக் கொண்ட பழைய முறைக்கு மூடுவிழா. 2004-ல் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் புதிய முறையை ஏற்றது. இதில் ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் தனித்தனி அடிப்படை மதிப்பு உண்டு. என்ன செய்தார், எந்த லெவல் என்பதைத் தொழில்நுட்பக் குழு முடிவு செய்யும். எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தருவார்கள். 2018-லிருந்து, ஒரு படி ஏறினால் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம் கூடும்.

இப்போ எண்களுக்கு வருவோம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் சமயத்துப் பட்டியலில், கால் மாற்றிச் செய்யும் கூட்டு ஸ்பின் லெவல் 4-க்கு 3.50. தாவி நுழையும் கேமல் ஸ்பின் லெவல் 4-க்கு 3.20. கால் மாற்றும் சிட் ஸ்பின் லெவல் 4-க்கு 3.00. மூன்றும் சேர்த்து 9.70. ஷார்ட் புரோகிராம், ஃப்ரீ ஸ்கேட் இரண்டிலும் இதே மூன்றைச் செய்வதாக வைத்தால், ஆறு ஸ்பின்னுக்கு 19.40.

ஆறுக்கும் பிளஸ் 2 வாங்கினால் 23.28. ஆறுக்கும் பிளஸ் 5 வாங்கினால் 29.10. வித்தியாசம் 5.82. அதாவது சுமாரான நல்ல ஸ்பின்னுக்கும், குறையே சொல்ல முடியாத ஸ்பின்னுக்கும் நடுவில், ஆறும் சேர்ந்து, இருப்பது அவ்வளவுதான். அதே பட்டியலில் மும்முறை சுழலும் லட்ஸ் ஜம்ப்புக்கு 5.90, நான்குமுறை சுழலும் லட்ஸுக்கு 11.50. வித்தியாசம் 5.60. ஒரே ஒரு ஜம்ப்பில் ஒரே ஒரு சுற்றைக் கூட்டினால், ஆறு ஸ்பின்னையும் செதுக்கிச் செதுக்கிச் சேர்த்த லாபம் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிடும். இருக்கிற நேரத்தைப் பயிற்சியாளர் எதில் போடுவார்? கேட்கவே வேண்டாம்.

"ஜம்ப்ல விழுந்தா எலும்பு போகும், ஸ்பின்ல என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் காற்றில் நாலு சுற்று சுற்றி ஒற்றைக் காலில் இறங்குவது சாதாரணம் இல்லை. அதற்கு அடிப்படை மதிப்பு அதிகம் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. என் சண்டை அந்தச் சதவீதத்தோடு. நேர்த்திக்கான கூலியை அடிப்படை மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டிவிட்டதால், பிளஸ் 5 வாங்கும் நாலு சுற்று லட்ஸுக்கு 5.75 கூடுகிறது, அதே பிளஸ் 5-க்குக் கூட்டு ஸ்பின்னுக்கு 1.75. கடினத்துக்கு ஏற்கெனவே கூலி கொடுத்தாயிற்று. அழகுக்கான கூலியிலும் மறுபடி கடினத்தையே எடை போடுவானேன்?

போதாததற்கு, நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் செய்யும் ஜம்ப்புகளுக்கு 10 சதவீத போனஸ் உண்டு, களைத்த காலோடு குதிக்கிறார் என்று. அதைவிடக் களைத்த காலோடு கடைசியில் வரும் ஸ்பின்னுக்கு அது கிடையாது.

அடுத்தது லெவல். லெவல் 4 வேண்டுமானால் நான்கு அம்சங்களைச் சேர்க்க வேண்டும்: கடினமான உடல்நிலை, விளிம்பு மாற்றுவது, ஒரே நிலையில் எட்டுச் சுற்று, நடுவில் ஒரு தாவல், இப்படி. இங்கே இயற்பியல் குறுக்கே வருகிறது. ஸ்பின்னின் வேகம் நுழையும்போது சம்பாதித்தது. அதன்பின் பனியின் உராய்வு அதைத் தின்றுகொண்டே இருக்கும். கைகாலை ஒடுக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும். கடினமான நிலைகளில் பெரும்பாலானவை விரிப்பவை, வளைப்பவை. வேகம் கூட்டுவதும் ஓர் அம்சமாகப் பட்டியலில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மற்றவற்றைச் சேர்க்கச் சேர்க்க வேகம் செலவாகிறது. 1981 உலக சாம்பியன் டெனிஸ் பீல்மன் காலைத் தலைக்கு மேல் பின்னால் இழுத்துப் பிடித்துச் சுற்றியது அவருடைய முத்திரை. அதற்கு அவர் பெயரே நிலைத்தது. இன்றைக்கு அது டிக் போட வேண்டிய கட்டங்களில் ஒன்று.

மூன்றாவது, மையம். பம்பரம் ஒரே புள்ளியில் அசையாமல் சுற்றினால் நம்ம பசங்க "பம்பரம் தூங்குது" என்பார்கள். ஸ்பின்னுக்கும் அதுதான் உச்சம். 2018 விதிகளில் ஸ்பின்னின் நேர்த்தியை அளக்க ஆறு அளவுகோல்கள். பிளஸ் 4, பிளஸ் 5 தர முதல் மூன்று கட்டாயம்: வேகம், தெளிவான நிலை, சிரமம் தெரியாமை. மையம் நான்காவது. நகர்ந்து போனால் கழிப்பார்கள், உண்மை. ஆனால் தூங்கும் பம்பரமாக இருப்பது பிளஸ் 4-க்குக் கட்டாயம் இல்லை.

பழைய முறையே தேவலை என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பின்னுக்குப் பேர்போன சுவிஸ் வீராங்கனை லூசிண்டா ரூ 6.0 காலத்தவர். 2003-ல் நியூயார்க்கில் ஒற்றைக் காலில் நிறுத்தாமல் 115 சுற்று சுற்றி கின்னஸில் ஏறினார்; உலக சாம்பியன்ஷிப் பதக்கம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அன்றைக்கு ஸ்பின்னுக்கென்று தனி எண்ணே கிடையாது. இன்றைக்கு இருக்கிறது. அதனால்தான் நாம் உட்கார்ந்து கூட்டிக் கழிக்க முடிகிறது. நேர்த்தி அடியோடு தோற்கிறது என்றும் சொல்ல முடியாது: பெய்ஜிங்கில் நாலு சுற்று ஜம்ப் ஒன்றுகூட இல்லாமல் ஜேசன் பிரவுன் 281.24 எடுத்து ஆறாவது வந்தார். தங்கம் வென்ற நேதன் சென் எடுத்தது 332.60. நேர்த்தியை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது ஓர் அளவு.

மாற்ற வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பின்னுக்குச் சதவீதத்தை விட்டுவிட்டு, நேர்த்தியில் ஒரு படிக்கு நேராக 0.50 என்று வைத்தால், மேலே சொன்ன 5.82 என்பது 9.00 ஆகும். ஜம்ப்பைக் கவிழ்க்காது, ஆனால் உழைக்கத் தோன்றும். மையத்தைக் கட்டாயப் பட்டியலில் சேர்க்கலாம். வேகத்தைக் கண்மதிப்பில் விட வேண்டியதில்லை. தொழில்நுட்பக் குழு ஏற்கெனவே வீடியோவை ஓட்டிச் சுற்றுகளை எண்ணுகிறது, நொடியால் வகுத்தால் முடிந்தது.

அடுத்த தடவை போட்டி பார்க்கும்போது ஸ்பின் முடிந்ததும் முகத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்க. பனியில் கோடு இழுத்திருக்கிறதா, ஒரே இடத்தில் குழி பறித்திருக்கிறதா என்று. அப்புறம் தாளில் அதற்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்க.