ஊதுவத்தி மணம்

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ராத்தங்கியபோது புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதையை மறுபடி படித்தேன். நடுராத்திரியில், கதைசொல்லும் எழுத்தாளனின் மூக்கில் பிணவாடை ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே அறையில் ஊதுவத்தி மணம். எனக்குக் குலை நடுங்கியது இரண்டாவதில்தான். அவன் வீட்டில் வேலைக்கு வந்து சேர்ந்த பிச்சைக்காரி யாரென்று கடைசிவரை சொல்லவே மாட்டார் மனுஷன்!

அவரது ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதை வேறு ரகம். கடவுள் சென்னையில் காபி குடிக்கிறார், வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். மாயக்கதைக்கு டிராகன் எதற்கு?

இந்த மலையிலும் கதைக்குப் பஞ்சமில்லை. கீழ்ச்செப்பிலியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள். பலகைக் கல்லில் வட்டமாகக் குடைந்த துளை. தொல்லியலுக்கு அது ஈமச்சின்னம், ஊராருக்குக் குள்ளர் வீடு. புதுமைப்பித்தன் பார்த்திருந்தால் அந்தக் குள்ளர்களிடமும் சந்தா வசூலித்திருப்பார்.