சிலேடையும் ஊர்வழக்கும்

சிலேடையைப் புலவர்தம் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவார் உளர். அவர் நினைவில் முதலில் நிற்பவர் 15ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிக் காட்டியவர் அவர். தோலுரிதல் இரண்டற்கும் பொது. கேட்போர் வியப்பர், வியப்பு அடங்கியபின் பாம்பு பாம்பாகவும் பழம் பழமாகவுமே எஞ்சும். ஒன்றினால் மற்றொன்று விளக்கம் பெறுவதில்லை.

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இருவகைப்படுத்தும். சொல் பிரியாது நின்று பல பொருள் தருவது முன்னது. பிரிக்குமிடத்து வேறு பொருள் தருவது பின்னது. 'வேங்கை' மரமும் புலியும் ஆதல் முன்னதற்கும், 'பலகை' என்பது 'பல கை' ஆதல் பின்னதற்கும் பொருந்தும். இப்பகுப்புச் சொல்லின் வடிவைக் காட்டுமேயன்றிச் சிலேடையின் தரத்தை அளவாது. தரம் அறிதற்கு ஒரு வழி உண்டு. இரு பொருளுள் ஒன்றை நீக்கியவிடத்து மற்றது குறைவுபடின், அது அணி; குறைவுபடாதாயின், அது விளையாட்டு.

இவ்வளவுகோலுக்கு நிற்கும் சொற்கள் ஊர்வழக்கிலும் உள. 1961இல் மட்டக்களப்பினின்றும் பிரிந்தமைந்த அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களும், இந்துக்கள் வாழும் காரைதீவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 'கல்முனை' என்பதையே 'கல், முனை' என இரண்டு ஏவலாகக் கொண்டால், 'கற்பாயாக, முயல்வாயாக' என்றாகும். இது செவிக்கு இனிது, எனினும் தற்செயலே.

'பள்ளி' அத்தகையதன்று. முன்னாளில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த இச்சொல், கல்விக்கூடத்துக்கும் இஸ்லாமியர் தொழுமிடத்துக்கும் உரியதாயிற்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி என்னும் பெயரிலும் அச்சொல்லே வழங்குகிறது. 'ஓதுதல்' என்பதும் அவ்வாறே. முஸ்லிம் சிறுவன் குர்ஆன் ஓதுவான். சைவச் சிறுவன் தேவாரம் ஓதுவான். நூல் கற்றலும் பழந்தமிழில் ஓதுதலே. 'பள்ளியில் ஓதினான்' என்னும் தொடரில் வழிபாட்டை நீக்கின் கல்வி வெறும் பாடமாகும். கல்வியை நீக்கின் வழிபாடு பொருளுணராத ஒலியாகும். இரண்டும் கூடியே தொடர் நிறைவுறுகிறது. பிறமொழியிற் பெயர்ப்போன் இரண்டில் ஒன்றைத் தெரிந்து மற்றதை இழத்தல் வேண்டும்.

சிலேடை என்னும் சொல்லுக்கு மூலமான வடசொல் 'தழுவுதல்' எனப் பொருள்படும். இரு பொருள் தழுவுதற்கு இரு வழக்கும் கேட்போன் செவியில் வாழ்தல் வேண்டும். அயலான் வழக்கை அறியாதவனுக்குப் பள்ளி ஒன்றே; ஓதலும் ஒன்றே. அவனிடத்துச் சிலேடை மட்டுமன்று, மொழியின் ஒரு பாதியும் இறந்துபடுகிறது.